கூடைக்குள் வந்தவள்

"அடிச்சிராதடா பாண்டி! அது உம் பொண்டாட்டிடா!"

முகமது யாசின் பைக்குக்கு ஸ்டாண்ட் போடுவதற்குள் இந்தக் குரல்தான் காதில் விழுந்தது.

சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் ஒரு மல்லிகைத் தோட்டம். மோட்டார் ரூம் வாசலில் முப்பது பேர் கூடி நின்று ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

திண்டுக்கல்லில் செல்போன் கடை வைத்திருப்பவன் யாசின். எங்கே பாம்பு வந்துவிட்டதென்று போன் வந்தாலும் ஷட்டரை இறக்கிவிட்டு ஓடி வருவான். பத்து வருசத்தில் எத்தனையோ பாம்பு பிடித்தாயிற்று. பாம்பைப் பொண்டாட்டி என்று சொல்லிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

"பாய் வந்துட்டாரு, வழி விடுங்கப்பா!"

பாம்பு பிடிக்கும் கொக்கியும் துணிப்பையுமாக உள்ளே எட்டிப் பார்த்தான். மூலையில் கிடந்த பூக்கூடைகளில் ஒன்றுக்குள் நல்ல பாம்பு. ஐந்தடிக்குக் குறையாது. படம் எடுத்துச் சீறிக்கொண்டிருந்தது.

நாலடி தள்ளி, ஓங்கிய கம்போடு ஒருவன். அவன் காலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தபடி தரையில் கிடந்தாள் ஒரு பெண்.

"விடுக்கா! இன்னைக்கு இது சாகணும், இல்ல நான் சாகணும்!"

பக்கத்தில் நின்ற பெரியவர் யாசினின் காதைக் கடித்தார். "அவன் பாண்டியராஜ். கீழ கெடக்குறது அவன் அக்கா பொன்னழகு. ரெண்டு வருசத்துக்கு முந்தி இவன் பொண்டாட்டி தீபா விடியக்காலம் பூப்பறிக்க வந்து, பாம்பு கடிச்சுச் செத்துப்போச்சு. அதுலேருந்து இவன் கண்ணுல பட்ட பாம்ப உசுரோட விட்டதில்ல."

பொன்னழகின் குரல் உச்சத்துக்குப் போனது.

"கூடையப் பாருடா! இம்புட்டுக் கூடை கெடக்கு, அவ கூடையில போயிச் சுருண்டு கெடக்கு பாரு! அவதான்டா! உன்னயப் பாக்கத்தான் மறு சென்மம் எடுத்து வந்திருக்கா. அவளையா அடிக்கப் போற?"

கூட்டம் சட்டென்று மாறிப் போனது.

"ஆத்தாடி! ஆமா!" ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழம வேற!" என்றாள் இன்னொருத்தி. யாரோ சூடம் எடுத்துவர ஓடினார்கள்.

யாசினுக்கு ஆத்திரமாக வந்தது. செத்துப்போனவளின் பேரைச் சொல்லி ஒரு மனுசனை இப்படியா பைத்தியமாக்குவது?

ஓங்கிய கம்பு மெல்லக் கீழே இறங்கியது.

"தீபாவா?"

பாண்டியராஜ் கம்பைப் போட்டான். பாம்பை நோக்கி ஓரடி வைத்தான். கையை நீட்டினான்.

"அண்ணே, போகாதீங்க!"

யாசின் பாய்ந்து அவன் மார்பில் கைவைத்துத் தள்ளவும் பாம்பு கொத்தவும் சரியாக இருந்தது. ஒரு சாண் இடைவெளி. கூட்டம் வீலென்று அலறிச் சிதறியது. பாம்பு கூடையிலிருந்து வழுக்கி இறங்கி மோட்டாருக்கு அடியில் நுழையப் பார்த்தது. யாசின் வாலைப் பிடித்து இழுத்தான். அது திரும்பிப் பாய்ந்தது. கொக்கியைக் கொடுத்துத் தூக்கினான். நழுவியது. மறுபடி தூக்கினான். ஒரு வழியாக அது துணிப்பைக்குள் இறங்க, பையின் வாயை முறுக்கிக் கட்டினான்.

விசில் பறந்தது. கைதட்டல் காதைக் கிழித்தது.

"பாய், செத்த நேரம்..."

பாண்டியராஜ் அந்தத் துணிப்பைக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"லைட்டப் பிடிச்சுக்கிட்டுக் கூட வாங்கன்னு கூப்பிட்டியே தீபா... போடி, தூக்கம் வருதுன்னு திரும்பிப் படுத்துட்டேனே... நான் வந்திருந்தா..."

தலையில் அடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். விசில் அடித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பையை எடுத்துக்கொண்டு பைக்குக்கு வந்த யாசினை வழியனுப்பப் பின்னாலேயே வந்தாள் பொன்னழகு. அவனால் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, இந்தப் பாம்புக்கு அஞ்சாறு வயசு இருக்கும். அந்தம்மா போயி ரெண்டு வருசந்தான் ஆச்சு. அப்புறம் எப்படி அது மறு சென்மம்? நீங்க சொன்ன பேச்சுல அவரு தொடவே போயிட்டாரு. கொஞ்சம் பிசகியிருந்தா இன்னொரு சாவு விழுந்திருக்கும்!"

"தொடப் போவான்னு நெனைக்கல தம்பி. அது என் தப்புதான். நீ நல்லா இருக்கணும்."

"அப்ப, நீங்க நெசமாவே நம்பித்தான் சொன்னீங்களா?"

பொன்னழகு தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். அழுகைச் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் முகம் தெளிந்திருந்தது.

"மறு சென்மம் உண்டா இல்லையான்னு எனக்கென்ன தெரியும்? ஆனா இது அவ இல்லைன்னு தெரிஞ்சேதான் சொன்னேன். அவ செத்த அன்னைக்கு எந்தம்பி அழுகல. பதினாறாம் நாளும் அழுகல. பாம்ப அடிச்சு அடிச்சே ரெண்டு வருசத்த ஓட்டிட்டான். அவகிட்டச் சொல்ல என்னமோ ஒண்ணு அவன் நெஞ்சுக்குள்ளயே கெடந்துச்சு. சொல்றதுக்கு ஆள் வேணும்ல தம்பி? அதான், இன்னைக்கு அவளக் கூட்டியாந்தேன்."