பறக்காத பலூன்

பரணிலிருந்து இறக்கிய பழைய கம்ப்யூட்டரை அப்பா டிவியோடு இணைத்தார்.

"உங்களைவிடக் கிழடுப்பா இது!" என்று மகள் சிரித்தாள். வயதானது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

சிறுவயதில், புத்தகத்தில் அச்சிட்டிருந்த பலூன் புரோகிராமை அக்கா வரிவரியாக வாசிப்பாள், அவர் இதில் தட்டுவார். எங்கோ தப்பாகத் தட்டிவிடுவதால் திரையில் பலூன் ஒருநாளும் ஏறியதில்லை.

"நாளைக்குப் பாத்துக்கலாம்டா, மண்டு!" என்பாள் அக்கா. சுவிட்சை அணைத்ததும் தட்டியதெல்லாம் அழிந்துவிடும். சேமித்துவைக்க அந்தக் கம்ப்யூட்டருக்கு வழியில்லை. அக்கா போய்ச் சேர்ந்தும் வெகுகாலமாயிற்று.

திரை ஒளிர்ந்தது. அத்தனை வரிகளும் அதில் இருந்தன. அப்பா புரோகிராமை ஓட்டிப் பார்த்தார். பலூன் மெல்ல மேலே ஏறியது.

"யாருப்பா டைப் பண்ணது?"

"தேங்க்ஸ்க்கா," என்றார் அவர், திரையைப் பார்த்தபடி. பிறகு, அந்த நாட்களில் செய்ததுபோலவே, பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம்விட்டார்.