புரட்டும் பாடம்

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பினா படுக்கைப் புண் வராது. தூக்காதீங்க தம்பி. அந்தப் பக்க முழங்காலை மடக்கி, தோளையும் இடுப்பையும் பிடிச்சு உங்க பக்கம் உருட்டுங்க" என்றார் வீட்டுக்கு வந்த நர்ஸ்.

மகன் உருட்டினான். மடங்கிய முழங்கால் நெம்புகோலாக, கட்டிலில் அம்மா சுலபமாகத் திரும்பினாள்.

"மெதுவாடா, நான் என்ன மூட்டையா?"

"பேசாம படும்மா."

முதுகுக்குத் தலையணை வைப்பதற்குள் அம்மாவிடமிருந்து குறட்டை வந்தது.

"அடுத்த பக்கம்?" என்றான் மகன்.

"உஷ், எழுப்பாதே!" சக்கர நாற்காலியிலிருந்து அப்பா கிசுகிசுத்தார். "என்னைப் பார்த்துக்கிறேன்னு அவ கண்ணசந்து நாலு நாளாச்சு. படுடீன்னா கேக்க மாட்டா. அதான், பாடம் நடத்த ஒரு 'நோயாளி' வேணும்னு நர்ஸம்மாவைச் சொல்லச் சொன்னேன். அவ எழுந்திரிக்கிற வரைக்கும் நான் உன் பொறுப்பு!"