கபிலா, தோனியா

டயாலிசிஸ் அறைக்கு வர ஆரம்பித்து ஒரு வருஷமாகியும் ஜெரோமுக்கு ஊசி என்றால் குலை நடுக்கம் போகவில்லை. நர்ஸ் அவர் கையைப் பிடிக்கும்போதெல்லாம் பக்கத்துப் படுக்கை கமாலுதீன் பாய் சண்டையை ஆரம்பித்துவிடுவார். "நூறு வருஷம் கழிச்சும் ஜனங்க பேசப்போறது தோனியைத்தான் சார். கபிலை யாருக்கு ஞாபகம் இருக்கும்?" ஜெரோமுக்குப் பற்றிக்கொண்டு வரும். "நமக்கு முதல் கோப்பையை வாங்கிக் குடுத்த மனுஷனையா மறப்பாங்க?" என்று அவர் கத்தி முடிப்பதற்குள் ஊசி ஏறியிருக்கும்.

அன்று பாய் பாத்ரூம் போயிருந்த நேரம், அவர் மனைவி ரஹீமா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "வீட்ல ஒரு மேட்ச்கூடப் பார்க்க மாட்டார்ண்ணே. உங்ககிட்ட பேசறதுக்காகவே மகன்கிட்ட கேட்டு மனப்பாடம் பண்ணிட்டு வர்றார்."

பாய் திரும்பி வந்து படுத்தார். நர்ஸும் வந்தாள். பாய் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சார், இந்தத் தோனி இருக்காரே..." என்று தொடங்கினார்.

"நீங்க சொல்றதுதான் சரி பாய்," என்றார் ஜெரோம். "தோனிதான்."

பாய் பதறிப்போய் எழுந்து உட்கார்ந்தார். "அட, அதுக்குள்ள ஒத்துக்கிட்டா எப்படி? இன்னும் ஊசியே குத்தலையே சார்!"

ஜெரோம் சிரித்தபடி, தானாகவே கையை நர்ஸ் பக்கம் நீட்டினார்.