கலையரசி போட்ட கட்டு

கூடத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள். தலைமாட்டில் விளக்கையொட்டிக் கொழுந்தன் தங்கதுரை, சுவரோரம் எதிர்வீட்டுக் கொளஞ்சியம்மாள், பாயை ஒட்டிக் கலையரசி. பாயில், காலையில் மூச்சடங்கிய அவள் புருஷன் காசிநாதன். பூட்டு, சங்கிலி, சாக்குமூட்டை, பெட்டி எதிலிருந்தும் வெளியே வந்துவிடுவார் என்று கள்ளக்குறிச்சி முதல் கல்வராயன் மலை வரை பேரெடுத்த வித்தைக்காரர். வாசலில் வாடகை ஐஸ் பெட்டி வந்து நிற்கிறது. கைகால் கட்டைவிரல்களைக் கட்டிவிட்டுத்தான் உள்ளே வைக்கவேண்டும்.

"நீங்களே கட்டுங்க அண்ணி. நாங்க கட்டுனா அண்ணன் அவுத்துக்கினு எந்திரிச்சிடுவாரு" என்று தங்கதுரை சிரிக்கப் பார்க்கிறார். உதடு கோணிக்கொள்கிறது.

"வாய மூடுய்யா. நல்லா இறுக்கிக் கட்டு கலையரசி" என்கிறாள் கொளஞ்சியம்மாள்.

வெள்ளைத்துணிக் கிழிசலைக் கலையரசி வாங்குகிறாள். மேடையில் காலமெல்லாம் அவரைக் கட்டியவள் அவள்தான். ஒரு தரம்கூட மெய்யாகக் கட்டியதில்லை. இழுத்தால் அவிழ்கிற நுனியை அவர் விரலுக்கு எட்டும்படி விட்டுவைப்பாள். அது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும். கால்விரல்களை எப்படியோ இறுக்கிவிடுகிறாள். கைக்கு வந்ததும் அவள் விரல்கள் பழகிய வழியிலேயே போகின்றன. அவிழ்த்துத் திருப்பிக் கட்ட மனசு வரவில்லை. விளக்கு வெளிச்சத்தை முந்தானையால் மறைத்து, நுனியை அவர் உள்ளங்கைக்குள் செருகுகிறாள்.

"ஆச்சா அண்ணி?"

"ஆச்சி."

கண்ணாடி மூடி இறங்குகிறது. மோட்டார் உறுமுகிறது. வாசலில் கூடியவர்களெல்லாம் பெட்டியையே பார்க்க, கலையரசி மட்டும் அதற்கு முதுகைக் காட்டி, சனங்களைப் பார்த்தபடி நிற்கிறாள். மேடையில் பெட்டியை மூடியதும் அவள் நிற்கவேண்டிய இடம் அதுதான்.