குறையாத பேரல்

"பவானி, திருட்டுப்பய அவன்! என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."

பால் தூக்கைக் கீழே வைக்கக்கூட இல்லை, மாரீஸ்வரி ஆரம்பித்துவிட்டாள்.

"யாரைக்கா சொல்றீக?"

"வேற யாரு, நல்லகண்ணுதான். ஜெனரேட்டர் ரூம்ல இருந்து கேன் கேனா டீசலைத் தூக்கி டிராக்டர்ல ஏத்துறான். அதுவும் பட்டப்பகல்ல! நம்ம பாண்டிகிட்ட சொசைட்டித் தலைவர் எலெக்சன்ல தோத்தான்ல, அந்த வயித்தெரிச்சல்."

அனுமந்தன்பட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கிற சின்ன ஊர் அது. அதன் பால் சொசைட்டிக்குப் பவானிதான் செயலாளர். மழை நேரத்தில் கரண்ட் போனால், குளிர்விக்கிற டேங்கில் கிடக்கிற ஊர்ப் பால் மொத்தத்துக்கும் அந்த ஜெனரேட்டர்தான் கதி. டீசல் இல்லையென்றால் அத்தனையும் சாக்கடைக்குத்தான் போகும். பழி மட்டும் நேராக இவள் தலையில் வந்து விழும்.

ஓடிப்போய் ரூமைத் திறந்தாள். பேரலுக்குள் அளவுக் கம்பியை விட்டுப் பார்த்தாள்.

கழுத்து வரைக்கும் டீசல் இருந்தது.

"ஏக்கா, நிறைஞ்சுல்ல இருக்கு?"

"அப்பத் தண்ணிய ஊத்தி வச்சிருப்பான், களவாணிப்பய."

செய்தாலும் செய்வார்கள். ஒரு பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தாள். தண்ணீர் இல்லை. மண்ணெண்ணெய் வாடையும் இல்லை. இப்போதுதான் பங்கில் பிடித்துவந்த மாதிரி தெளிவாக இருந்தது.

அங்கேதான் அவளுக்குக் குழப்பமே. அது போன வருட மழைக்கு முன்னால் வாங்கிப் போட்ட டீசல். இந்நேரம் கறுத்து, அடியில் கசடு கட்டியிருக்க வேண்டும். திருடு போகிற டீசல் குறையவும் மாட்டேன் என்கிறது, பழசாகவும் மாட்டேன் என்கிறது. இது என்னடா கூத்து!

நேராகத் தலைவர் பாண்டீஸ்வரன் வீட்டுக்குப் போனாள்.

"தலைவரே, நல்லகண்ணு மாமா நம்ம டீசலை எடுக்குறாராம். மாரீஸ்வரி அக்கா பாத்துருக்காக."

நல்லகண்ணு பேரைக் கேட்டாலே தலைவர் கொதிப்பார் என்பது ஊருக்கே தெரியும். எலெக்சனுக்குப் பிறகு ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு இன்னொருவர் போனதில்லை. ரெண்டு பேர் ஆட்களும் அதுக்கும் மேலே. பால் ஊற்றக்கூட இவர் ஆட்கள் ஒரு வரிசை, அவர் ஆட்கள் ஒரு வரிசை. வரிசை மாறி நின்றால் அன்றைக்கு வீட்டில் சண்டை.

தலைவர் கொதிக்கவில்லை. போனை நோண்டிக்கொண்டே கேட்டார்.

"பேரல்ல குறையுதாம்மா?"

"இல்லைங்க."

"அப்ப விடு."

விடவா? பவானிக்குக் கிறுக்குப் பிடிக்காத குறை. நாளைக்குப் பொதுக்கூட்டம். மாரீஸ்வரி எழுந்து கத்தாமல் இருக்க மாட்டாள். ஒன்று நல்லகண்ணு மானம் போகும், இல்லையென்றால் இவள் வேலை போகும். ரெண்டில் ஒன்று தெரிந்தே ஆக வேண்டும்.

மத்தியானம் ஊர் சாப்பிட்டுக் கண் அசருகிற நேரம். ஜெனரேட்டர் ரூமுக்கு எதிரில் அடுக்கியிருந்த தீவன மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

டிராக்டர் வந்து நின்றது. நல்லகண்ணு இறங்கினார். மடியிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார்.

சாவியா! அந்தப் பூட்டுக்கு ரெண்டே சாவிதான். ஒன்று இவள் இடுப்பில் இருக்கிறது. இன்னொன்று தலைவரிடம் அல்லவா இருக்க வேண்டும்?

அவர் பம்பைப் போட்டு டீசலைக் கேனில் இறக்கினார். டிராக்டரில் ஏற்றினார். பிறகு டிராக்டரில் இருந்து வேறு கேன்களை இறக்கி, பேரலில் ஊற்ற ஆரம்பித்தார்.

பவானிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"மாமா! என்ன வேலை பண்றீக?"

மனுசன் கேனைக் கீழே போட்டுவிட்டார்.

"ஏ ஆத்தா! உயிரே போச்சு. நீயா?"

"எடுக்குறீக, ஊத்துறீக. எனக்கு ஒரு எழவும் விளங்கல மாமா."

"பழச எடுத்துட்டுப் புதுச ஊத்துறேன், தாயி. டீசல் ஒரே எடத்துல கிடந்தா கெட்டுப்போகும்னு உனக்குத் தெரியாததா? முன்ன மாதிரி கரண்டு போனாத்தான ஜெனரேட்டரு ஓடும்? எனக்குன்னா உழவுக்கு ரெண்டு நாள்ல தீந்துரும். அடியில தேங்குற தண்ணியையும் வடிச்சு விட்டுர்றேன். அளவுக்கு அளவு, ஒரு சொட்டு குறையாது."

"சாவி?"

நல்லகண்ணு தலையைச் சொறிந்தார்.

"பாண்டிதான் குடுத்தான். யோசனையே அவனோடதுதான்."

"உங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இல்லையே மாமா!"

"எலெக்சன் முடிஞ்ச சூட்டுல கொஞ்ச நாள் இல்ல. அப்பறம் நாங்க ராசியாயிட்டோம். எங்க ஆளுகதான் இன்னும் ஆகல."

பவானிக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த மனுசனையா திருடன் என்று நினைத்தோம்?

"மாமா, நீங்க கவலைப்படாதீக. நாளைக்குக் கூட்டத்துல நானே எந்திரிச்சு அம்புட்டையும் சொல்றேன். திருடன்னு சொன்ன வாயெல்லாம் மூடட்டும்."

நல்லகண்ணு பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஐயோ, உனக்குப் புண்ணியமாப் போகும், நான் திருடுனேன்னே சொல்லிரு தாயி! திருடன்னா நாலு நாள் ஏசிட்டு விட்டுருவாக. நானும் பாண்டியும் பேசிக்கிறோம்னு தெரிஞ்சா, எங்கள ஏமாத்திட்டாகன்னு ரெண்டு வரிசையில ஒரு பயகூட இங்கன பால் ஊத்த வரமாட்டான்!"