அம்சம் ஏறாத கார்

"சின்ன வண்டியை வாங்குனீங்கன்னா அதுல நான் ஏற மாட்டேன். ஏறுனா என் பேரு அம்சம் இல்ல."

தஞ்சாவூர் ஷோரூமில் ஏசி சில்லென்று வீசியும் அம்சத்துக்கு வியர்த்துக் கொட்டியது. ஏழு பேர் உட்காரும் பெரிய ஹைப்ரிட் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கணவர் வைரக்கண்ணுவோ, ஐந்து பேர் உட்காரும் சின்ன ஹைப்ரிட் காரில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார்.

நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவன், கார் வாங்கித் தரப்போகும் மகன் நெடுமாறன். நீடாமங்கலம் பக்கத்தில் அவர்கள் வீட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் பெரிய கார்மேல்தான் கண். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓட்டெடுப்புகூட நடந்துவிட்டது. சின்ன காருக்கு விழுந்தது ஒரே ஓட்டு. அது யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

"ஒரு வாரமா இதே கூத்துதான். ரெண்டு பேரும் ஒரே வண்டியைச் சொன்னாத்தான் இன்னைக்கு புக் பண்ணுவேன். இல்லன்னா பழைய டீசல் வண்டியே ஓடட்டும்" என்றான் நெடுமாறன்.

வைரக்கண்ணு பதறிப்போய்க் கீழே இறங்கினார். "அது வேணாம்ப்பா. ஸ்டார்ட் பண்ணுனா தெருவே எந்திரிச்சுக்குது."

"அதுதான் வசதி. சத்தம் கேட்டதும் புள்ளைங்கல்லாம் ஓடியாந்து ஏறிக்குதுங்க" என்றாள் அம்சம்.

"இது ரெண்டுலயும் அந்தத் தொந்தரவே இல்லீங்க சார்" என்று விற்பனையாளர் இனியவன் முன்னால் வந்தார். "கிளம்பும்போது பேட்டரியில ஓடும். சத்தமே வராது."

"எதுவரைக்கும் வராது? வாய்க்கால் பாலம் வரைக்கும் போவுமா?"

"எந்தப் பாலம்ங்க சார்?"

"எங்க ஊருப் பாலம்தான். மாடு மிரளக் கூடாது பாருங்க, அதுக்குக் கேட்டேன்."

"மாமா, நம்மகிட்டதான் மாடே இல்லையே" என்றாள் மருமகள் சுடர்விழி மெதுவாக.

"பக்கத்து வீட்டுல இருக்குதும்மா."

அடுத்து அவர் செய்ததுதான் சுடர்விழியை எங்கேயாவது ஓடி ஒளியலாமா என்று நினைக்க வைத்தது. வேட்டி மடியிலிருந்து ஒரு கயிற்றை உருவினார் மாமனார். அதில் ஒரு முடிச்சு. பளபளக்கும் பெரிய காரின் முன்னால் குந்தி உட்கார்ந்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அளந்தார். முடிச்சைத் தாண்டி நாலு விரல் வந்தது. சின்ன காரை அளந்தார். முடிச்சுக்குள் அடங்கியது.

"பாத்தியா? பெருசு நம்ம கொல்லைப்புறத்து வாய்க்கால் பாலத்துல நுழையாது."

"வாசல்ல தார் ரோடு இருக்கு. கொல்லைப்புறமா எதுக்குப்பா போவணும்?"

"உர மூட்டை ஏத்தணும்ல."

"புதுக் கார்லயா?"

வைரக்கண்ணு கயிற்றைச் சுருட்டி மடியில் செருகினார்.

அம்சம் விடவில்லை. "உரம் பெருசா, மனுசங்க பெருசா? எம் புள்ளைங்க, பேரப்புள்ளைங்க எல்லாரும் ஏறணும். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நாங்க எங்க போனாலும் கூட்டமாத்தான் போயிருக்கோம். புதுசா கட்டிக்கிட்டு வேளாங்கண்ணிக்குப் போனமே, அப்பகூட இவரு பக்கத்துல நாலு தங்கச்சிங்க. நான் கடைசி சீட்டுல. மாமியாரு பலகாரக் கூடையைக் கீழ வச்சுட்டு எம் மடியில தலையைச் சாய்ச்சுட்டாங்க."

"அது நல்ல பழக்கம்மா" என்றான் நெடுமாறன்.

"நல்ல பழக்கம்தான்" என்றாள் அம்சம். என்னவோ குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

இனியவன் எல்லோருக்கும் பாதாம் பால் கொடுத்தார். அம்சம் ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை டொக்கென்று வைத்தாள். "வாங்கித் தொலையட்டும். இந்த மனுசன்கிட்ட வாதாடி யாரு ஜெயிச்சா? அவரே ஓட்டட்டும், அவரே உக்காரட்டும். நான் பஸ்ல போயிக்கிறேன்."

தலைவியே இப்படிக் காலை வாரிவிட்டால் கட்சி என்ன செய்யும்? நெடுமாறன் பெருமூச்சோடு சின்ன காருக்குக் கையெழுத்துப் போட்டான். வாட்ஸ்அப் குழுவில் அழுகைப் பொம்மைகள் வரிசையாக விழுந்தன.

கார் வீட்டுக்கு வந்த அன்று அம்சம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மயிலாடுதுறையில் தங்கச்சி வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வருவதாக அறிவித்தாள். மறுநாள் விடிவதற்கு முன்பே, தன் பையைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் வைரக்கண்ணு பூனைபோல எழுந்தார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். கண்ணாடியில் மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டார். கொல்லைப்புறத்தில் நின்ற கார் மூச்சுக் காட்டாமல் நகர்ந்தது. பேரப்பிள்ளைகள் தூக்கத்தில் புரண்டுகூடப் படுக்கவில்லை. வாய்க்கால் பாலத்தை ஒரு கீறல் இல்லாமல் கடந்து கரையோடு போனார். கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. நடவு வயல்களில் தண்ணீர் மின்னியது. இந்த வயசில் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

புளியமரத்தடியில் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். வைரக்கண்ணு காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

"வேளாங்கண்ணிக்குப் போறேன். ஏறிக்கிறீங்களா?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு முன் சீட்டில் ஏறிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

"பேரு என்னங்க?"

"அம்சம் இல்லீங்க" என்று சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள். "பாலத்தை அளந்து, கயித்துல முடிச்சுப் போட்டுக் குடுத்தவ."