நூற்றுக்கு நூறு மூலிகை

“அந்தச் சீட்டை மடிச்சு நீங்களே வெச்சுக்குங்க டாக்டரம்மா. இங்கிலீசு மாத்திரை என் தொண்டைக்குக் கீழ எறங்காது.”

மாதேஸ்வரன் இவ்வாறு சொல்வது இது முதன்முறை அன்று. கடத்தூர் வட்டாரத்தில் அவருடைய கொள்கையை அறியாதார் இலர். கல்யாணப் பந்தியாயினும் துக்க வீடாயினும், பக்கத்தில் அமர்ந்தவருக்கு மாத்திரையின் தீமைகளை எடுத்துரைக்காமல் அவர் எழுந்ததில்லை. சளிக்குச் சுக்கு, காய்ச்சலுக்கு நிலவேம்பு, சர்க்கரைக்குச் சிறுகுறிஞ்சான் இலை. அதையும் அவர் கடையில் வாங்கமாட்டார். விடியற்காலையில் ஊருக்கு வெளியே உள்ள கரட்டுக் குன்றுக்கு நடந்து சென்று, கொடியிலிருந்து தம் கையாலேயே பறித்து மென்று விழுங்குவதுதான் வழக்கம்.

செருப்பு கடித்து வலக்கால் கட்டைவிரலில் உண்டான சிறு புண், அந்த நடைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. ஒரு மாதமாகியும் புண் ஆறவில்லை. ஓரம் கருக்கத் தொடங்கியிருந்தது. மனைவி ராமக்காள் அழுது அடம்பிடித்த பிறகே இந்தச் சிறிய மருத்துவமனைக்கு வரச் சம்மதித்தார்.

மருத்துவர் பிரியதர்ஷினி புண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“சர்க்கரையை இப்பவே குறைச்சா விரலைக் காப்பாத்திரலாம். இல்லேன்னா விரலை எடுக்கணும். அதுக்கப்புறம் பாதம். நான் பயமுறுத்தலீங்க.”

“காட்டுல இருக்கற சனமெல்லாம் மாத்திரை தின்னுட்டா உசுரோட இருக்காங்க?”

“உங்க தெரு ராஜமேரியம்மாவும் இதையேதான் சொன்னாங்க. உங்க பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்திட்டு, டிவியில பார்த்த ஏதோ பொடியைச் சாப்பிட்டாங்க. போன மாசம் சந்தையில மயங்கி விழுந்தாங்களே, தெரியாதா?”

“அது நம்பிக்கை பத்தாததுங்க. அரை மனசோட தின்னா எந்த மூலிகையும் கேக்காது.”

மருத்துவர் பதில் சொல்வதற்குள் மாதேஸ்வரனின் அலைபேசி ஒலித்தது.

“சொல்லு முருகா... அட, வேலியோரம் கெடக்கறதையும் சேர்த்தே அறுத்துப் போடுப்பா! எது எதுன்னு பொறுக்கிட்டு நின்னா விடிஞ்சுரும். வெயில்ல காஞ்சா எல்லாம் ஒரே நெறந்தான். சாயங்காலம் வண்டி வர்றப்ப மூட்டை நெறஞ்சிருக்கணும், அவ்வளவுதான்.”

“மாட்டுக்குத் தழையா?” என்று கேட்டவாறே மருத்துவர் கட்டுத்துணியைச் சுற்றினார்.

“தழைதானுங்க” என்று மாதேஸ்வரன் அலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அப்போது ராமக்காள் இரத்தப் பரிசோதனை முடிவை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். அதைப் பார்த்த மருத்துவரின் புருவம் உயர்ந்தது.

“நானூறைத் தாண்டியிருக்கு.”

“தாண்டாம என்ன பண்ணும்? கரட்டுக்குப் போக முடியாம அந்த இலையும் இல்ல, மாத்திரையும் இல்ல. வூட்டுல யார் சொன்னாக் கேக்கறாரு?” ராமக்காள் தம் கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் கணவருக்கு முன்னால் மேசைமேல் வைத்தார். “இந்தாங்க, உங்க பிடிவாதத்துக்குன்னே போன்ல சொல்லி வரவழைச்சேன். காத்தால டிவியப் போட்டா இதைப் பத்தித்தான் பேச்சு. மாத்திரை இல்லாட்டி இது. ரெண்டுல ஒண்ணு இன்னிக்கு என் கண்ணு முன்னால உள்ள போயாகணும்.”

“மாத்திரைக்குப் பதிலா இதைச் சாப்பிட்டா விரல் தப்பாதும்மா” என்றார் மருத்துவர்.

மாதேஸ்வரனுக்கோ முகம் மலர்ந்துவிட்டது.

“பார்த்தீங்களா டாக்டரம்மா! டிவிக்காரனே ஒத்துக்கிட்டான். இனிமே நீங்க கடையை மூட வேண்டியதுதான்.”

டப்பாவைக் கையிலெடுத்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மருத்துவருக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று உரக்கப் படித்தார்:

“நூற்றுக்கு நூறு மூலிகை. தீர்த்தமலை அடிவாரத்தில், பழகிய கைகளால் ஒவ்வொன்றாகப் பறித்த தூய சிறுகுறிஞ்சான் இலைப் பொடி...”

கடைசிச் சொற்களில் குரல் சற்றே இறங்கியது.

“இவங்களுக்கு ஏது புள்ள இலை?” என்று கேட்டார்.

“அதைக் கேளுங்க!” ராமக்காளுக்குப் பெருமிதம் தாங்கவில்லை. “நானும் சந்தேகப்பட்டு அவங்களுக்கே போன் போட்டுக் கேட்டேன். நீங்க வாராவாரம் சேலம் மண்டிக்கு அனுப்பறீங்களே, அந்த மூட்டையத்தான் வாங்கி அரைக்கறாங்களாம். ‘கவலையே படாதீங்கம்மா, கடத்தூர் மாதேஸ்வரன் இலையத் தவிர வேற எதையும் தொடமாட்டோம்’னு சொல்லிட்டாங்க. உங்க இலைதானுங்க இது! ஊரே திங்குது, நீங்க தின்னா என்ன? வாயைத் தெறங்க.”

மூடியைத் திருகித் திறந்து, ஒரு கரண்டிப் பொடியை அள்ளி அவர் வாயருகே நீட்டினார்.

சட்டைப்பைக்குள் அலைபேசி மறுபடியும் ஒலித்தது. முருகனாகத்தான் இருக்கவேண்டும். மாதேஸ்வரன் அதை எடுக்கவில்லை. கரண்டியிலிருந்த பச்சைப் பொடியையே சிறிது நேரம் பார்த்தார். பின்னர், மேசைமேல் கிடந்த மருத்துவரின் சீட்டை மெல்லத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“டாக்டரம்மா, இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால போடணுங்களா, பின்னாலயா?”